பூட்டு மேளம்

மைக்குக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்காமல் தாராபுரம் பக்கத்தில் எந்தக் கல்யாணமும் தொடங்குவதில்லை. மேடையில் நட்ட அரசாணிக்காலுக்கு ஒரு பூ, அம்மிக்கல்லுக்கு ஒரு பூ, மைக்குக்கு ஒரு பூ. அமராவதி மகால் திருமண மண்டபத்தில் மைக்குக்குப் பூ வைக்கிற உரிமை தன்ஷிகாவுடையது. இருபத்தாறு வருஷமாக அவள்தான் அங்கே ஒலிப்பொறுப்பாளர். மேடைக்குப் பக்கவாட்டில் கண்ணாடி போட்ட சின்ன அறை, அதற்குள் ஒலிப்பெட்டி, பெட்டிக்கு முன்னால் அவள். ஐம்பத்து மூன்று வயதில் மூட்டுவலி வந்த பிறகும் அந்த நாற்காலியை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை முகூர்த்தமும் வழக்கம்போலத்தான் நடந்தது. சடங்கை நடத்தி வைக்கும் அருமைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பேர் சொல்லுங் மாப்ள" என்றார். மாப்பிள்ளை மைக்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தன் பேரையும் தாய் தகப்பன் பேரையும் சொன்னான். ஒலிப்பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பெண்ணும் சொன்னாள். இரண்டாவது பச்சை. "கெட்டி மேளம், கெட்டி மேளம்!" என்று அருமைக்காரர் விரலை ஆட்ட, தன்ஷிகா பொத்தானை அழுத்த, நாதஸ்வரமும் தவிலும் கூரையைத் தூக்கின. தாலி ஏறியது. பந்திக்கு ஓடுகிறவர்கள் ஓடினார்கள்.

இந்தப் பேர் சொல்லும் சடங்கு ஏதோ ஆதிகாலத்துச் சங்கதி என்று சின்னஞ்சிறுசுகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. ஆதிகாலமாவது மண்ணாங்கட்டியாவது! முப்பது வருஷத்துக்கு முன்னால், 2049இல், மண்டபத்துக்காரர்கள் பண்சாலை நிறுவனத்திடம் பாட்டு வாங்கியபோது ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரி அது. ஒரு பைலை வாங்கி வைத்துக்கொண்டு ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் ஓட்டிவிடுவார்களே என்று கம்பெனிக்கு வயிற்றெரிச்சல். அதனால் பாட்டுக்குக் குரல்பூட்டுப் போட்டார்கள். கல்யாணம் செய்கிற இருவரும் குரல் கொடுத்தால்தான் பூட்டுத் திறக்கும். அந்தக் குரல்கள் சென்னையில் இருக்கும் சாவி நிலையத்துக்குப் போகும். பழைய ஆட்கள் அதை இன்னும் சர்வர் என்பார்கள். அங்கே சரி என்றால் பச்சை. ஒரே ஜோடியின் பேரில் பத்துக் கல்யாணம் நடத்திவிடக் கூடாதே, அதற்காக ஒரு குரலுக்கு ஒரு மேளம், வாழ்நாளுக்கும் அவ்வளவுதான். எந்த ஊர் மண்டபத்தில் கொட்டியிருந்தாலும் அதே குரலுக்கு இன்னொரு தடவை கொட்டாது. சிவப்பு எரிந்து பெட்டி ஊமையாகிவிடும்.

கம்பெனி தன் பாட்டைக் காப்பாற்றப் போட்ட பூட்டு, போகப் போக ஊர்ப் பெண்களைக் காப்பாற்றுகிற பூட்டாகிவிட்டது. தன்ஷிகாவின் கண்முன்னாலேயே நான்கு மாப்பிள்ளைகளுக்குச் சிவப்பு எரிந்திருக்கிறது. ஒருவனுக்குக் காங்கேயத்தில் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். இன்னொருவன் ஏதோ கோர்ட்டுக் காகிதத்தை ஆட்டி ஆட்டிக் கத்தினான். அடித்துத் துரத்துகிற அவசரத்தில் அதை யார் படித்தார்கள்? பெண்களில் ஒருத்திக்குக்கூட இதுவரை சிவப்பு எரிந்ததில்லை. அதில் தன்ஷிகாவுக்கு ஒரு தனிப் பெருமை.

"மேளம் கொட்டியாச்சா?" என்றுதான் ஊரில் கேட்பார்கள்; "பதிவு பண்ணியாச்சா?" என்று கேட்பதில்லை. நேரில் வாசிக்கிற குழுவைக் கூட்டி வந்தாலும் தாலி நேரத்துக்குப் பூட்டு மேளம் கொட்டினால்தான் அது கல்யாணம். கட்டினவரைப் பறிகொடுத்தவர்கள் இறப்புச் சான்றைக் காட்டி மறுமேள அனுமதி வாங்கலாம். பிரிந்தவர்கள் இருவரும் சேர்ந்து வந்து ஒரே மைக்கில் பேர் சொல்லி விடுவித்துக்கொள்ள வேண்டும். அதுவும் நியாயம்தானே என்று தன்ஷிகா நினைத்துக்கொள்வாள்.

அன்றைக்குப் பந்தி முடிகிற நேரத்தில் நிதர்சன் என்ற இளைஞன் தோள்பையோடு கண்ணாடி அறைக்கு வந்தான். பண்சாலை நிறுவனத்தின் ஆள்.

"அக்கா, உங்க மண்டபத்துல இருக்கிற இருபத்திரண்டு பூட்டுப் பாட்டையும் எடுத்துக்கிட்டு, அதே பாட்டுங்களைப் பூட்டு இல்லாம தர்றோம். திறகோப்பு. எதுல வேணாலும் போடலாம், யாருக்கு வேணாலும் காப்பி எடுத்துக் குடுக்கலாம். ஒரு பைசா வேண்டாம்."

தன்ஷிகா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்குங் தம்பி?"

"எதுக்குன்னா?"

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். முப்பது வருஷமா ஒரு குரலுக்கு ஒரு மேளம்னு கழுத்தைப் பிடிச்சீங்க. இன்னைக்கு வந்து அள்ளிக்கோ அள்ளிக்கோங்கறீங்க. உள்ள என்னத்த வெச்சிருக்கீங்க?"

நிதர்சன் சிரித்தான். "ஒண்ணும் வைக்கலக்கா. பாட்டைவிடப் பூட்டைக் காவல் காக்கத்தான் கம்பெனிக்கு அதிகம் ஆகுது. வெள்ளிக்கிழமையோட சாவி நிலையத்தை மூடுறாங்க. அப்புறம் பூட்டுப் பாட்டு எதுவும் யாருக்கும் திறக்காது. அதுக்குள்ள மாத்திக்கிட்டா உங்களுக்கு நல்லது."

"அப்ப இத்தனை வருஷமா பேர் சொன்னவங்க குரலெல்லாம்?"

"அழிச்சிடுவோம். வச்சிருந்தா சட்டப்படி தப்பு."

அவன் பளிச்சென்று சொன்னதாலேயே அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். தன்ஷிகா பல்லைப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, குளம்பையும் தூக்கிப் பார்க்கிற ரகம். பெட்டியின் சாவி முதலாளியிடம் இருக்கிறது என்று வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னாள். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது.

"வெள்ளிக்கிழமை காலைல இங்க என்ற தங்கச்சி மக கல்யாணம். அது முடியட்டும். பதினொரு மணிக்கு வாங்க, மாத்திக்கலாம்" என்றாள். அவளே போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கெட்டிமேளத்தின் திறகோப்பு ஒன்றை மட்டும் மாதிரிக்குக் கொடுத்துவிட்டு அவன் போனான்.

அன்று மத்தியானமே அதைச் சோதித்துப் பார்த்தாள். வீட்டுக் குக்கரின் ஒலிவாயில் போட்டாள், பாடியது. எதிர்வீட்டு ஆட்டோவில் போட்டாள், பாடியது. தோட்டத்து மோட்டார் ரூமில் போட்டாள். தென்னை மரத்துக்கெல்லாம் கெட்டிமேளம் கொட்டியது. யார் என்று கேட்கவில்லை, பேர் கேட்கவில்லை, எங்கேயும் எதையும் அனுப்பவில்லை. பேர் கேட்காத மேளம் என்ன மேளம்! காங்கேயத்துக்காரன் மாதிரி ஆட்களுக்கு இனிமேல் கொண்டாட்டம்தான் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வந்தது. ஆரூரன். தங்கை மகள் மகிழினியைக் கட்டிக்கொள்ளப்போகிற கரூர் மாப்பிள்ளை. பெண் பார்த்த நாளிலிருந்து அவன் தன்ஷிகாவிடம் தனியாகப் பேசியதில்லை.

"பெரிம்மா, நல்லா இருக்கீங்களா? மண்டபத்துப் பாட்டெல்லாம் திறகோப்பா மாத்துறாங்களாமே. மாத்திட்டாங்களா?"

"உங்களுக்கு யாருங் மாப்ள சொன்னாங்க?"

"நியூஸ்ல பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னாடியே மாத்திடுங்களேன். அந்தப் பேர் சொல்ற சடங்கும் வேண்டாம். நேரம் மிச்சம் பாருங்க."

"ஏனுங் மாப்ள, பேர் சொல்ல வாய் வலிக்குதுங்களா?"

அவன் சிரித்தான். ஆனால் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. தன்ஷிகா போனை வைத்த பிறகும் அந்தத் தாமதத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். சமையல் என்ன, பந்தல் என்ன என்று கேட்காத மாப்பிள்ளைக்குப் பெட்டிக்குள் இருக்கிற பூட்டின் மேல் என்ன அக்கறை? முப்பத்தொரு வயது. பெங்களூரில் ஐந்து வருஷம் தனியாக இருந்தவன். மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் ஏன் பயம்?

மறுநாள் காலையில் தங்கை வினிஷாவிடம் போய்ச் சொன்னாள். வினிஷா முறுக்கு அச்சைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீ தயிர் சோத்துலயும் கல்லு தேடுவ. அவ சென்னைல வேலைக்குச் சேர்ந்தப்ப அந்த ஆபீஸ் நெசமா இருக்குதான்னு மூணு தடவ போன் போட்டு விசாரிச்சியே, மறந்துட்டியா? ஒரு மாசம் புள்ள உன்ற கூடப் பேசவே இல்ல."

"அவ நல்லதுக்குத்தானே விசாரிச்சேன்?"

"உன்ற நல்லதைக் கொண்டுபோய் அக்கட்ட வெய்யி. நாளைக்குக் கல்யாணம். வாயத் தெறந்தீன்னா பாத்துக்க!"

தன்ஷிகா வாயைத் திறக்கவில்லை. ஆனால் மனசு அடங்கவில்லை. மகிழினி அந்தக் கண்ணாடி அறையில் வளர்ந்த பிள்ளை. வினிஷா வேலைக்குப் போகிற நாளெல்லாம், தவில் சத்தத்தில் பெரியம்மா மடியிலேயே தூங்கும். தனக்கென்று பிள்ளை இல்லாத தன்ஷிகாவுக்கு அவள்தான் பிள்ளை. அந்தப் பிள்ளையின் கழுத்தில் எவனோ ஒருவன் இரண்டாம் தாலி கட்டிவிட்டுப் போவதா? விட்டுவிடுவேனா? பெட்டியின் இடது துளையில் பழைய பூட்டுப் பாட்டு இருந்தபடியே இருந்தது. யாராவது வந்து பார்த்தால் மாற்றியாச்சு என்று காட்டுவதற்காக வலது துளையில் மாதிரிக் கோப்பைச் செருகி வைத்தாள். நாளைக்கு அவன் பேர் சொல்லட்டும். சிவப்பு எரிந்தால் இடது பொத்தானைத்தான் அழுத்துவாள். மண்டபம் முழுக்க அந்த ஊமைத்தனத்தைக் கேட்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை மேடைக்குப் போகிற வழியில் மகிழினி கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கூறைப்புடவை, நெற்றியில் பட்டம், கண்ணில் தூக்கம் இல்லாத சிவப்பு.

"பெரிம்மா, பாட்டு மாத்தியாச்சுல்ல?"

"மாத்தியாச்சு கண்ணு."

"நெசமா?"

"நானென்ன பொய்யா சொல்றேன்? பெரியவங்க ஆசைக்குப் பேர் சொல்றதை மட்டும் வெச்சுக்கலாம். சும்மா சடங்குக்குத்தான்."

மகிழினி மூச்சை விட்டாள். கன்னத்தில் கன்னம் வைத்து ஒட்டிவிட்டுப் போனாள். பாவம், இவளையும் அவன் தயார்ப்படுத்தி வைத்திருக்கிறான் என்று தன்ஷிகாவுக்கு வயிறு எரிந்தது.

அருமைக்காரர் மாப்பிள்ளையைப் பேர் சொல்லச் சொன்னார். ஆரூரன் கண்ணாடி அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு மைக்கைத் தொட்டான். தன்ஷிகா விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பேர், தாய் பேர், தகப்பன் பேர்.

பச்சை.

நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. கூடவே ஒரு சின்ன ஏமாற்றமும் வந்தது; பொய் சொல்வானேன். சரி, நல்ல பையன்தான், பாவம், அவசரக்காரன் போல என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதற்குள் மகிழினியின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. தெளிவாக, கொஞ்சம் வேகமாக.

சிவப்பு.

பெட்டி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பெட்டியின் முகம் அவள் பக்கம் இருந்ததால் வேறு யாருக்கும் தெரியவில்லை. திரையில் எழுத்து ஓடியது: 'இந்தக் குரலுக்கு மேளம் வழங்கப்பட்டுவிட்டது. ஓசூர், 12.2.2075.' தன்ஷிகா பேச்சுப் பொத்தானை அழுத்தி, "கண்ணு, மைக்கு சரியா வாங்கலை. இன்னொருக்கா சொல்லு" என்றாள்.

திறகோப்புக்கு எதற்கு இரண்டாம் தடவை? மகிழினி தலையைத் தூக்கி அறையைப் பார்த்தாள். பெரியம்மா பொய் சொல்லியிருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்த கணத்தைத் தன்ஷிகா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பக்கத்தில் ஆரூரன் யாருக்கும் தெரியாமல் மடியில் கைகளைக் குவித்தான். கும்பிடுகிற கை அது.

தன்ஷிகா ஒரு சட்டைமைக்கை எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள். "சவுண்டு கொஞ்சம் தகராறு பண்ணுதுங். ரெண்டே நிமிஷம்" என்று அருமைக்காரரிடம் சொல்லிவிட்டு, மைக் மாட்டுகிற மாதிரி மகிழினியின் தோளருகே குனிந்தாள்.

"யாருடி அவன்?"

"கூட வேல பார்த்தவன் பெரிம்மா. நாலு மாசம்தான் இருந்தேன். கையை ஒடச்சான். கோர்ட்டு விட்டிருச்சு, மூணு வருஷமாச்சு. பேப்பர் இவர்கிட்ட இருக்குது."

கையை உடைத்தானா? வண்டியில் விழுந்துவிட்டேன் என்று கட்டோடு வந்து நின்றாளே ஒரு தீபாவளிக்கு! எந்த வண்டி, எந்த ரோடு என்று அன்றைக்கு எத்தனை கேள்வி கேட்டாள் தன்ஷிகா.

"கோர்ட்டு விட்டா அப்புறம் என்ன? மேளத்தையும் விடுவிச்சிருக்கலாமல்ல?"

"அவனும் வந்து கூடவே பேர் சொல்லணுமாமே. வர மாட்டேங்கறான். 'என் பேரு என் வாய்ல இருக்கிற வரைக்கும் நீ எவன்கிட்டயும் போக முடியாது'ன்னு சிரிக்கிறான்."

"ஏன் கண்ணு, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?"

மகிழினி நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். "உங்ககிட்டயா பெரிம்மா?" என்றாள்.

"நல்ல நேரம் போகுதுங்!" என்றார் அருமைக்காரர்.

தன்ஷிகா எப்படிக் கீழே இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. காகிதத்தை ஆட்டி ஆட்டிக் கத்திய அந்த மாப்பிள்ளையின் முகம் வந்து நின்றது. அவன் சட்டையைக் கிழித்தார்கள். அன்றைக்கு அவள் இந்த நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு பெண்ணுக்குக்கூடச் சிவப்பு எரியவில்லை என்று பெருமைப்பட்டாளே, எரியும் என்று தெரிந்த பெண்கள் மேடைக்கே வரவில்லை என்பது அந்தப் புத்திக்கு எட்டவே இல்லையே! எத்தனை பேரோ, எந்தெந்த ஊரிலோ, எவனுடைய வாய்க்குள்ளேயோ.

"கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

இடது பொத்தானின் மேல் இருந்த விரலை எடுத்து வலது பொத்தானில் வைத்து அழுத்தினாள். குக்கரிலும் மோட்டார் ரூமிலும் யாரையும் எதையும் கேட்காமல் பாடிய அதே மேளம், கேட்காமலே கொட்டியது. ஆரூரன் இரண்டாம் முடிச்சைக் கொஞ்சம் தாமதமாகப் போட்டான். வினிஷா முன் வரிசையில் உட்கார்ந்து அழுதாள். ஊரே அட்சதை போட்டது. ஒருவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பதினொரு மணிக்கு நிதர்சன் வந்தான். இந்தத் தடவை சாவி முதலாளியிடம் இருக்கவில்லை. தன்ஷிகாவே இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, இன்னைக்குக் காலைல ஒரு சிவப்புப் பதிவு இருக்கே. யாருதுன்னு பார்க்கணுமா?" என்றான்.

"வேண்டாம். முதல்ல அதை அழிங்க."

"எல்லாமே அழிஞ்சிடும்க்கா. இன்னைக்கு எல்லா ஊர்லயும் இதேதான்."

"எனக்குத் தெரியும் தம்பி. இருந்தாலும் முதல்ல அதை அழிங்க. நான் பாக்கறேன்."

அவன் அழித்தான். அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அழிந்துவிட்டதா என்று இரண்டு தடவை சரிபார்த்தாள். பழைய புத்தி எங்கே போகும்? இருபத்திரண்டு பாட்டும் திறந்த பாட்டாகி உள்ளே வந்ததும் அவன் கிளம்பிப் போனான்.

இனி காங்கேயத்துக்காரன் மாதிரி ஒருவன் வந்தால் இந்தப் பெட்டி அவனுக்கும் கொட்டத்தான் செய்யும். அது அவளுக்குத் தெரியும். இனிமேல் பெட்டி கேட்காததை மனுஷர்தான் கேட்க வேண்டும், காகிதத்தையும் மனுஷர்தான் படிக்க வேண்டும். இத்தனை நாளும் கேள்வி மட்டுமே கேட்டுப் பழகியவளுக்குப் பதிலைக் கேட்டுப் பழக்கம் இல்லை. அதை நினைத்தபோது அழுகை வந்தது.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்புகிற நேரம். மகிழினி மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி அறைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வரலாமா என்று யோசிக்கிற மாதிரி நின்றாள். இந்த அறையில் அவள் அப்படி நின்றதே இல்லை.

தன்ஷிகாவின் நாக்கு நுனியில் நாற்பது கேள்வி இருந்தது. அவன் எந்த ஊர், எந்தக் கை, யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள், அந்த நாலு மாசமும் யார் உனக்குச் சோறு போட்டார்கள்? நாற்பதையும் விழுங்கினாள். நாற்காலியிலிருந்து எழுந்து அவளை அதில் உட்கார வைத்துவிட்டுத் தான் ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

வெளியே காரில் சாமான் ஏற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு மகிழினி தன் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "ஓசூருக்கு மாத்தல் வந்துச்சல்ல பெரிம்மா, அப்பத்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"இரு கண்ணு" என்றாள் தன்ஷிகா. எட்டி, மேடையிலிருந்து எடுத்து வந்து வைத்திருந்த மஞ்சள் பூசிய மைக்கின் சுவிட்சை அணைத்தாள்.

"இப்பச் சொல்லு."